லேப்கூஹனும் ஒலியொப்புமை மயக்கமும்

கிறிஸ்துமஸ் நெருங்கும்போதெல்லாம் ஜெர்மன் பயில்வோரிடையே ஒரு விளக்கம் தவறாமல் உலவத் தொடங்குகிறது. தேனும் நறுமணப் பொருள்களும் சேர்த்துச் சுடப்படும் லேப்கூஹன் என்னும் பண்டத்தின் பெயர், வாழ்தலைக் குறிக்கும் ‘லேபன்’ என்ற வினையிலிருந்து வந்ததாம். ஆகவே அது ‘உயிர் தரும் கேக்’ ஆம். இதை மாணவர் சொன்னால் பிழை. ஆசிரியர் சொன்னால் கேடு.

‘கூஹன்’ கேக்கைக் குறிப்பது என்பதில் ஐயமில்லை. சிக்கல் முன்சொல்லில்தான். ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் இப்பண்டத்துக்கு ‘லேப்ட்செல்டன்’ என்றொரு பெயரும் உண்டு. ‘ட்செல்டன்’ தட்டையான அப்பம். அகராதியாளர் பலர் இந்த ‘லேப்’ என்பதை, முழு ரொட்டியைக் குறிக்கும் ‘லைப்’ என்பதன் உயிர்மாற்ற வடிவமாகவே கொள்கின்றனர். கோதிக்கின் ‘ஹ்லைஃப்ஸ்’, ஆங்கிலத்தின் ‘லோஃப்’ ஆகியன இதன் உறவுச் சொற்கள். ‘வாழ்’ என்னும் பொருளுடைய கோதிக் வினையிலோ தொடக்க ஹகரம் இல்லை. எனவே ரொட்டியும் வாழ்வும் ஒரே வேரினவாகா. அகராதிகள் இங்கே ‘பெரும்பாலும்’ என்று ஒரு சொல்லைச் சேர்ப்பதும் கவனிக்கத்தக்கது. அந்த அடக்கம் பகிர்வோரிடம் இல்லை.

சற்றுக் கற்றவர்கள் லத்தீனின் ‘லீபும்’ என்ற படையல் அப்பத்தைக் காட்டுவர். பொருள் பொருந்துகிறது, ஒலி இடறுகிறது. லத்தீன் வழி வந்த ‘பீப்பா’, ஜெர்மனில் ‘ப்ஃபைஃபே’ ஆயிற்று. நெடில் ஈகாரம் ஐகாரமானது. ‘லீபும்’ மட்டும் எகரம் பெற்றது எவ்வாறு என்பதை அவர்களன்றோ விளக்க வேண்டும்?

வியப்பு என்னவெனில், ஐயத்துக்கு இடமற்ற வரலாறு பக்கத்திலேயே கிடக்கிறது. இப்பண்டத்தைச் சாக்சனியில் ‘ப்ஃபெஃபர்கூஹன்’ என்பர். ‘ப்ஃபெஃபர்’ மிளகு, பழைய வழக்கில் நறுமணப் பொருள் எதையும் குறிக்கும். அது லத்தீன் ‘பிப்பெர்’, கிரேக்கப் ‘பெப்பெரி’ வழியாக இந்தியாவின் ‘பிப்பலி’யைச் சென்றடைகிறது. முதற் பகரம் ‘ப்ஃப’ ஆவதும் இடைப் பகரம் ‘ஃப’ ஆவதும் மேற்கண்ட ‘ப்ஃபைஃபே’யில் கண்ட அதே ஒழுங்கு. இங்கே ஒலியொப்புமையன்று, விதி பேசுகிறது. அந்த விதியே பெருமைப் பேச்சுக்கும் தடை போடுகிறது: ‘பிப்பலி’ மிளகன்று, திப்பிலி. பெயர் திப்பிலியுடையது, அதைச் சுமந்து மேற்கே நிலைத்தது மிளகு.