மாமாவின் மரப்பெட்டி

எங்கள் வீட்டுப் பின்னறையில் பல வருடமாக ஒரு மரப்பெட்டி கிடந்தது. மாமாவின் மொறிஸ் மைனர் காருக்கென்று அவர் சேர்த்து வைத்த நட்டு, போல்ட், பிரேக் சிலிண்டர் எல்லாம் அதற்குள்தான். கடலோரத்தில் இரும்பின் கதி கல்முனைச் சகோதரிகளுக்குத் தெரியாததல்ல. வாடைக்காற்று காலத்தில் ஜன்னல் கம்பியே கறள் பிடிக்கிறது.

"பழைய இரும்புக்குக் குடுங்க உம்மா" என்றான் மகன். எனக்கு மனம் வரவில்லை. 1970களின் தொடக்கத்தோடு தயாரிப்பு நின்றுபோன கார் அது. 2022இல் சுமார் 200 ரூபாயாக இருந்த டொலர் 360 வரை ஏறிய பிறகு, எந்த வாகனச் சாமானையும் தொட முடியாத விலையாகிவிட்டது.

முதலில் தேசிக்காயும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். பளபளத்தது. இரண்டே நாளில் பழையபடி சிவந்துவிட்டது. இரும்பில் ஒட்டி நிற்கும் உப்புதான் ஈரத்தை இழுத்துக் கறளை வளர்க்கிறது, அதையே நான் அள்ளிப் பூசியிருக்கிறேன்! 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போனபோது கிணறுகளும் உப்பாகின. அன்று நல்ல தண்ணீரில் கழுவ முடியாமல் போன என் தையல் மெஷின் இறுகியே போனது. அந்தப் பாடத்தையும் மறந்திருக்கிறேன்.

இப்போது செய்வது இதுதான். ஒயில் பிசுக்கைச் சவர்க்காரத்தால் போக்கி, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலச வேண்டும். பிளாஸ்டிக் பேசனில் பாகம் மூழ்கும்வரை வினாகிரி ஊற்றி ஓர் இரவு விட வேண்டும். காலையில் பழைய பிரஷால் தேய்த்தால் கறள் கறுப்புச் சேறாகக் கழன்று வரும். பிறகு அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் முக்கினால் மிஞ்சிய புளிப்பு அடங்கும். அலசி, துடைத்து, வெயிலில் சூடேற்றி, சூடு ஆறுமுன் ஒயில் பூசுங்கள். ஈரத்தோடு ஒரு மணித்தியாலம் விட்டாலும் மஞ்சள் படிந்துவிடும்.

அலுமினியச் சாமானையும் ஸ்பிரிங்கையும் வினாகிரியில் போடாதீர்கள். முன்னது அரிக்கும், பின்னது முறியக்கூடும். அவசரத்துக்கு மலசலகூடம் கழுவும் அசிட்டை எடுப்பவர்கள் அதில் குளோரின் திரவத்தைக் கலந்துவிடக் கூடாது. எழும்பும் வாயு நச்சு.

பிரேக் சிலிண்டர்தான் எல்லாவற்றிலும் அழகாக வந்தது. மகன் அதைக் காரில் பூட்டவே எடுத்துப் போனான். கராஜில் இருந்த தம்பி உட்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்து, என் விரலையும் வைக்கச் சொன்னார். கறள் தின்ற சின்னச் சின்னக் குழிகள். "ராத்தா, இந்தக் குழியால எண்ணெய் கசியும். ஒரு நாளைக்கு மிதிச்சா பிரேக் இருக்காது" என்றார். கறளைப் போக்கலாம், அது தின்ற இரும்பு திரும்பி வராது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மகனும் அவனுடைய பிள்ளைகளும் அந்தக் காரில்தானே போகப் போகிறார்கள்.

நட்டும் போல்ட்டும் ஒயில் பேப்பரில் சுற்றிப் பெட்டிக்குள் இருக்கின்றன. சிலிண்டரை மட்டும் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.