ரிச்சி தெருவில் ஒரு பாடபேதம்

2025 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகனுடன் சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்றிருந்தேன். வீட்டுக் கணினிக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். ஒதுக்கியிருந்த தொகை இருபத்தைந்தாயிரம் ரூபாய். 'வரைகலை அட்டை' என்று எழுதுவதே முறை என நண்பர்கள் சிலர் கடிந்துகொள்ளக்கூடும். வகுப்பறையில் நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அந்தத் தெருவில் அச்சொல்லுக்கு எந்தக் கடையிலும் பொருள் கிடைக்காது. ஆகவே இக்கட்டுரையில் கார்டு என்றே எழுதுகிறேன்.

கடைக்காரர் எங்கள் கணினியின் விவரங்களைக் கேட்டார். 2019இல் அசெம்பிள் செய்தது. இன்டெல் ஐ5-9400எஃப் பிராசஸர், 4 ஜி.பி. நினைவகம் கொண்ட ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு, 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். கேட்டு முடித்ததும் ஒரு துண்டுத்தாளை எடுத்துக் கணக்குப் போட்டார். "சார், கார்டு மட்டும் மாத்தினா வேஸ்ட். பிராசஸர் பழசு, அது கார்டைப் பிடிச்சு இழுக்கும். மதர்போர்டு, ராம், எஸ்.எம்.பி.எஸ் எல்லாம் சேர்த்துப் போட்டுருங்க. அஞ்சு வருஷத்துக்குக் கவலையே இல்ல." தாளின் அடியில் எழுபத்திரண்டாயிரம் என்று இருந்தது. மகன் தாளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "அப்பா, இப்ப வேணாம்ப்பா. காலேஜ் சேரும்போது பார்த்துக்கலாம்" என்றான். வெறுங்கையுடன் திரும்பினோம்.

மின்சார ரயிலில் அவன் வாய் திறக்கவில்லை. ஒரு விளையாட்டுப் பொருளை இழந்த வருத்தம் மட்டுமே அந்த மௌனத்துக்குக் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. தன் வீட்டின் வசதிக்கு எட்டாததைக் கேட்டுவிட்டோமோ என்ற கூச்சமும் அதில் இருந்தது. மாணவப் பருவத்தில் புத்தகக் கடைகளின் வாசலில் நானும் அறிந்திருந்த கூச்சம்தான் அது. அந்த எழுபத்திரண்டாயிரத்தைச் சரிபார்க்காமல் விடுவதில்லை என்று நான் முடிவு செய்ததும் அந்தக் கூச்சத்தை முன்னிட்டே.

நான் அறிந்தது தமிழ் இலக்கியம், மின்னணுவியல் அன்று. ஆனாலும் பதிப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பது என் தொழிலின் ஒரு பகுதி. ஒரே நூற்பெயரில் இரு பதிப்புகள் கிடைத்தால் அட்டையை நம்பாமல் உள்ளே புரட்டிப் பார்ப்போம். கார்டுகளின் உலகில் இந்தப் பழக்கம் இவ்வளவு பயன்படும் என்று நான் எண்ணியதில்லை.

சில சான்றுகள். 2016இல் என்விடியா நிறுவனம் ஜிடிஎக்ஸ் 1060 என்ற பெயரில் 6 ஜி.பி., 3 ஜி.பி. என இரண்டு கார்டுகளை வெளியிட்டது. நினைவகத்தில் மட்டுமே வேறுபாடு என்று பெயர் நம்மை நினைக்கச் செய்யும். உண்மையில் முதலாவதில் 1280 கணிப்புக் கருக்கள், இரண்டாவதில் 1152. ஆர்டிஎக்ஸ் 3050இன் கதையும் அதுவே. 2022இல் வந்த 8 ஜி.பி. கார்டில் 2560 கருக்கள், 128 பிட் நினைவக இணைப்பு. 2024இல் வந்த 6 ஜி.பி. கார்டில் 2304 கருக்கள், 96 பிட் இணைப்பு. 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்று இரு கார்டுகள் அறிவிக்கப்பட்டபோது, 12 ஜி.பி. கார்டுக்கு அப்பெயர் பொருந்தாது என்று விமர்சனம் எழுந்தது. அடுத்த மாதமே நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. அதே கார்டு 2023 ஜனவரியில் 4070 டிஐ என்ற பெயரில், நூறு டாலர் குறைந்த விலையில் வந்தது. பெயர் ஒன்று, பாடம் வேறு. ஏட்டைப் பிரதி செய்தவர் கைப்பிழையால் நேர்ந்த பாடபேதத்தை மன்னிக்கலாம். விற்பனைக்காக உருவாக்கப்பட்ட பாடபேதத்தை வாசகன்தான் கண்டுபிடித்தாக வேண்டும்.

அடுத்து, கடைக்காரரின் மையமான வாதம்: பிராசஸர் பழையது. இதைச் சோதிக்கக் காசு தேவையில்லை. திரையில் தோன்றும் ஒவ்வொரு சட்டகத்துக்கும் வேண்டிய கணக்கைப் பிராசஸர் ஆயத்தம் செய்கிறது; அதற்குரிய படத்தைக் கார்டு தீட்டுகிறது. இருவரில் மெதுவானவரே வேகத்தை நிர்ணயிப்பவர். விளையாட்டின் அமைப்பில் படத்தின் நுணுக்கத்தைக் குறைத்தால் கார்டின் சுமை பெருமளவு குறையும்; பிராசஸரின் சுமை ஏறக்குறைய அப்படியே இருக்கும். அன்றிரவு மகனிடம் இதைச் சொன்னேன். 1920க்கு 1080 என்றிருந்ததை 1280க்கு 720 என்று மாற்றினான். அதாவது, ஒரு சட்டகத்துக்கு 20,73,600 புள்ளிகள் என்றிருந்தது 9,21,600 ஆனது. நொடிக்கு முப்பதைச் சுற்றித் தடுமாறிக்கொண்டிருந்த சட்டகங்கள் அறுபதை நெருங்கின. பிராசஸர் யாரையும் பிடித்து இழுக்கவில்லை; அதுதான் கார்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. எழுபத்திரண்டாயிரத்தில் பெரும்பகுதி அந்த ஐந்து நிமிடத்தில் தேவையற்றதாகிவிட்டது.

எஞ்சியவை மூன்று கேள்விகள். முதலாவது, மானிட்டர். எங்களுடையது 1920க்கு 1080 அளவே காட்டும். 4கே எனப்படும் 3840க்கு 2160 திரைக்கு 82,94,400 புள்ளிகள், சரியாக நான்கு மடங்கு. அந்தத் திரை இல்லாதவர் அதற்கான கார்டை வாங்குவது, இல்லாத நிலத்துக்குக் கிணறு வெட்டுவது போன்றது. இரண்டாவது, எஸ்.எம்.பி.எஸ். மதர்போர்டின் செருகுவாய் தருவது அதிகபட்சம் 75 வாட். அதற்கு மேல் வேண்டுமெனில் எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து தனி இணைப்பு வர வேண்டும். கேபினெட்டைத் திறந்து பார்த்தபோது, பயன்படாத எட்டு முனை இணைப்பு ஒன்று கட்டப்பட்டபடி இருந்தது. மூன்றாவது, மதர்போர்டின் தலைமுறை. பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0.

பழைய 1050 டிஐயிலேயே காலம் தள்ளியிருக்கலாமே என்று கேட்கலாம். அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்கு, புதிய விளையாட்டுகளை ஒட்டிய டிரைவர்கள் வெளியிடுவதை என்விடியா 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டது. மேலும், மகன் விரும்பிய இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டு (2024) போன்ற சில, ஒளிக்கதிர்களைக் கணிக்கும் வன்பொருள் இல்லாத கார்டுகளில் இயங்குவதே இல்லை. ஆசை என்ற ஒன்றை மட்டும் காரணம் காட்டி இதை ஒதுக்க முடியவில்லை.

இந்த மூன்று விடைகளையும் வைத்துக்கொண்டு கார்டுகளைப் பார்த்தோம். இன்டெல் ஆர்க் பி580 (2024 டிசம்பர், 12 ஜி.பி.) விலைக்கு மிகச் சிறந்தது என்று பலரும் புகழ்வது. ஆனால் 'ரீசைசபிள் பார்' என்ற வசதி இல்லாவிட்டால் அதன் வேகம் வெகுவாகக் குறையும். அதற்கு 10ஆம் தலைமுறையிலிருந்தான பிராசஸர்களையே இன்டெல் பரிந்துரைக்கிறது. எங்களுடையது 9ஆம் தலைமுறை. ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜி.பி. கார்டுக்கு 70 வாட்டே போதும், தனி இணைப்பே வேண்டாம். எஸ்.எம்.பி.எஸ் பலவீனமான வீடுகளுக்கு அதுவே தகும். எங்களுக்கு அக்கட்டாயம் இல்லை. ஆர்டிஎக்ஸ் 5060 வேகமானது. ஆனால் எங்கள் தொகைக்கு மேல். அதுவும் 8 ஜி.பி.தான். எட்டு வழித்தடங்களே கொண்ட அது, நினைவகம் நிரம்பும்போது எங்கள் பழைய மதர்போர்டில் கூடுதலாகத் தடுமாறும். முடிவில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600. 2021இல் வந்தது, 8 ஜி.பி., 132 வாட், எட்டு முனை இணைப்பு ஒன்று. நிறுவனம் பரிந்துரைக்கும் எஸ்.எம்.பி.எஸ் 450 வாட். எட்டு வழித்தடங்கள் என்ற குறை இதற்கும் உண்டு. ஆனால் இந்த வேகத்தில் அது பெரிதாய் உறுத்தாது. மேற்சொன்ன விளையாட்டு கோரும் குறைந்தபட்சத் தகுதியும் அதுவே. அடுத்த வாரம் வேறொரு கடையில், ரசீதும் உத்தரவாதமும் கொண்ட புதிய கார்டாகவே கிடைத்தது. இருபத்தைந்தாயிரத்தில் மீதியும் இருந்தது.

இந்தத் தேர்வு ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது? 2016இல் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 அமெரிக்காவில் 109 டாலருக்கு வந்தது. 2025இல் அதே படிநிலையில் வந்த ஆர்டிஎக்ஸ் 5050இன் விலை 249 டாலர். இடையில் மறையெண் நாணயம் தோண்டுவோர் கார்டுகளை அள்ளிச் சென்றார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாற்றியதும் அந்தப் பித்து அடங்கியது. பின்னர் செயற்கை நுண்ணறிவு வந்தது. ஒரே சிலிக்கான் தகட்டைத் தரவு மையத்துக்கு விற்றால் பன்மடங்கு ஆதாயம் என்றான பின், நடுத்தர வீட்டுச் சிறுவனை நினைத்துக் கார்டு செய்யும் அவசரம் எந்த நிறுவனத்துக்கும் இருக்க நியாயமில்லை. நமக்காகச் செய்யப்படாத சந்தையில், நமக்கு வேண்டியதை நாமே படித்துத் தேட வேண்டியிருக்கிறது.

இதை இலக்கிய நண்பர்களிடையே எழுதக் காரணம் உண்டு. "தமிழ் வாத்தியார் வீட்டில் எதற்கு இந்தச் சூதாட்டப் பெட்டி?" என்று என் துறையிலேயே ஒருவர் கேட்டார். சினிமாவைப் பற்றி நம் முன்னோர்கள் கேட்ட கேள்விதான். முற்றுகையிடப்பட்ட நகரில் சிக்கிய சாமானியர்களின் கதையான 'திஸ் வார் ஆஃப் மைன்' என்ற விளையாட்டைப் பள்ளிகளின் பரிந்துரை வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாகப் போலந்து அரசு 2020இல் அறிவித்தது. எஸ்டோனிய நாவலாசிரியர் ராபர்ட் குர்விட்ஸ் முன்னின்று எழுதிய 'டிஸ்கோ எலிசியம்' (2019) பத்து லட்சம் சொற்களுக்கு மேல் கொண்டது. இவ்விரண்டுக்கும் பெரிய கார்டு எதுவும் தேவையில்லை. எழுத்தில் சிறந்த விளையாட்டுகள் பலவும் எளிய கணினியில் இயங்கிவிடுகின்றன என்பது, கையிருப்பு குறைந்தவர்களுக்கு ஆறுதலான செய்தி.

ஆர்எக்ஸ் 6600 எல்லாவற்றையும் செய்யும் என்று நான் சொல்லவில்லை. 'அல்ட்ரா' என்ற உச்ச அமைப்பில் புதிய விளையாட்டுகள் திணறும், 8 ஜி.பி. சில ஆண்டுகளில் போதாமல் போகும். இன்னும் சேமித்து ஒரேயடியாகப் பெரிதாக வாங்கலாமே என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் பதினாறு வயதுக்குரிய இரண்டு ஆண்டுகளை அதற்காகக் காத்திருப்பில் வைக்க எனக்கு மனமில்லை.

கார்டைப் பொருத்தியவன் மகன்தான். திருகாணியை முடுக்கிவிட்டு, "அப்பா, அந்தக் கடைக்காரர் பொய் சொன்னாரா?" என்று கேட்டான். இல்லை, அவர் நம்மிடம் இருப்பதைப் படிக்கவில்லை, நாமும் அன்று படித்துக்கொண்டு போகவில்லை என்றேன். அவனுக்கு அது நிறைவளித்ததா, தெரியாது. மீதமிருந்த தொகையில் பாதிக்கு விளையாட்டும் பாதிக்குப் புத்தகமும் வாங்குவது என்று ஒப்பந்தம். புத்தகத்தை நான் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது அவன் நிபந்தனை.