நிறத்தை நம்பிப் பெயர் சொல்லாதீர்கள்

பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி குளிர்காலத்தில் பச்சையாக இருப்பதில்லை. கார்சைரா முட்டை போட்டு இதை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, அட்டை அட்டையாக வயலுக்குக் கொடுத்துப் பழகிய நம்மவர்களுக்கு இது சட்டென்று மனதில் ஏறாது. நம் வளர்ப்புக் கூண்டுகளில் பார்த்ததெல்லாம் பச்சைதான். ஐரோப்பாவின் கிரைசோபெர்லா கார்னியா அப்படியல்ல. இலையுதிர் காலத்தில் பகல் பொழுது குறையக் குறைய அதன் உடல் வெளிறி, வைக்கோல் நிறமாகி, பழுப்பில் போய் நிற்கிறது. முட்டையிடுவது நின்றுபோகிறது. உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு ஒதுங்க இடம் தேடுகிறது. மரப்பட்டையின் வெடிப்பும் சருகுக் குவியலும் அதற்குப் போதும். பரணும் சன்னல் சட்டத்தின் இடுக்கும் கிடைத்தால் அங்கேயும் நுழைந்துவிடும். வசந்தத்தில் மறுபடி பச்சையாகிறது.

நம் ஊரில் பயிற்சி பெற்று லண்டனிலும் டொரன்டோவிலும் பூச்சிக் கட்டுப்பாட்டு வேலையில் இருக்கும் வாசகர்களை மனதில் வைத்தே இந்த உரை. டிசம்பரில் ஒரு வீட்டுக்காரர் திரைச்சீலையின் மடிப்பிலிருந்து எடுத்துக் காட்டும் பழுப்புப் பூச்சியை ‘துணி அந்துப்பூச்சி’ என்று சொல்லி மருந்து அடிப்பது சுலபம். ஈசல் என்று நினைத்து, கரையானுக்கே விலைப்பட்டியல் கொடுத்துவிடவும் கூடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: கண் முதலில் நிறத்தைப் பிடித்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் கிடைக்கும் பூச்சிகளிடம் நிறத்தைப் போல ஏமாற்றுவது வேறெதுவும் இல்லை.

கையில் லென்சோடு இறக்கையைப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது இறக்கைகள் கூரை போலச் சரிந்து உடலை மூடியிருக்கும். கண்ணாடி போன்ற பரப்பில் நரம்புகள் வலைபோல நெருக்கமாக ஓடும். அந்துப்பூச்சிக்கு உள்ள செதில்தூள் விரலில் ஒட்டாது. ஈசல் தன் நான்கு இறக்கைகளையும் முதுகின்மேல் தட்டையாக அடுக்கிக்கொள்ளும். அதன் உணர்கொம்பு குட்டை, மணி கோத்தது போன்றது. இங்கே அது நூலாக நீண்டிருக்கும். கண்ணில் பொன்னிற மினுமினுப்பு இருக்கும். பழுப்புக் கண்ணாடி இறக்கைப் பூச்சி என்ற தனிக் குடும்பம் ஒன்றும் உண்டு. அது பெரும்பாலும் இதைவிடச் சிறியது, இறக்கையில் மயிர் அடர்ந்தது. அதுவும் அசுவினியைத் தின்பதுதான் என்பதால், அந்தக் குழப்பத்தால் யாருக்கும் நட்டமில்லை.

இன்னும் நுணுகி இனப்பெயர் வரை போக வேண்டுமா? இந்தப் பூச்சியில் தேவையில்லை என்பதே எங்கள் கருத்து. இந்தியாவில் பல ஆண்டுகள் கார்னியா என்றே எழுதிவந்த நம் பூச்சி, உண்மையில் கிரைசோபெர்லா சாஸ்ட்ரோவி சில்லெமி என்று 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. துணையை அழைக்க வயிற்றை அதிரவைத்து எழுப்பும் ‘பாட்டு’ அதற்கு முக்கியச் சான்றாக இருந்தது. பார்வையில் அவ்வளவு ஒத்துப்போகிற கூட்டம் இது. வீட்டுக்காரரின் பரணில் அதைப் பிரித்துச் சொல்ல வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

பொறிவண்டில் அந்தச் சலுகை கிடையாது. இங்கே இனப்பெயர் தெரியாமல் வாய் திறக்கக் கூடாது. பிரிட்டனில் வீட்டுச் சன்னல் சட்டங்களில் கூட்டமாக அடைவது பழைய உள்ளூர் இனமான இரு புள்ளிப் பொறிவண்டு. ஆசியாவிலிருந்து வந்த ஹார்லெக்வின் பொறிவண்டும் இன்று அதே சட்டத்தில் அடைகிறது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று பிற நாடுகளில் விட்ட இந்த வண்டு, பிரிட்டனில் முதன்முதல் 2004-இல் எசெக்ஸ் பகுதியில் கண்டறியப்பட்டது. அது வந்துசேர்ந்த 5 ஆண்டுகளில் இரு புள்ளி வண்டு அங்கே 44 விழுக்காடு குறைந்ததாக 2012-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

இரு புள்ளி வண்டில் சிவப்பில் கறுப்புப் புள்ளி உள்ளதும் உண்டு. கறுப்பில் நான்கோ ஆறோ சிவப்புப் புள்ளி உள்ளதும் உண்டு. ஹார்லெக்வினிலும் கறுப்பில் நான்கு சிவப்புப் புள்ளி வடிவம் இருக்கிறது. முதுகை மட்டும் பார்த்தால் நிபுணரும் திணறுவார். திருப்பிப் போட்டுக் காலைப் பாருங்கள். இரு புள்ளி வண்டின் கால் கறுப்பு. ஹார்லெக்வினின் கால் ஏறக்குறைய எப்போதும் பழுப்பு. முந்தையது 5 மில்லிமீட்டரை ஒட்டி நின்றுவிடும், பிந்தையது 8 வரை வளரும். காலின் நிறமும் நிறம்தானே என்று கேட்பீர்கள். ஆனால் அது முதுகின் நிறம்போல வண்டுக்கு வண்டு மாறுவதில்லை.

இந்த இடத்தில் ‘நன்மை செய்யும் பூச்சி’ என்ற நம் வகைப்பாடும் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. ஹார்லெக்வின் அசுவினியை வெளுத்து வாங்கும் என்பது மெய். ஆனால் மற்றப் பொறிவண்டுகளின் முட்டையையும் புழுவையும் தின்னும். சீண்டினால் கால் மூட்டிலிருந்து மஞ்சள் நீரைக் கசியவிட்டுச் சுவரைக் கறையாக்கும். சிலருக்கு ஒவ்வாமையும் வருகிறது. கனடாவின் ஒன்டாரியோவில், 2001 அறுவடையில் திராட்சைக் குலையோடு சேர்ந்து நசுங்கி மதுவின் சுவையையே கெடுத்தது. அதனால் ‘பொறிவண்டுதானே, நல்லது, விட்டுவிடுங்கள்’ என்று தொலைபேசியில் சொல்லிவிடுவது தொழில்முறைப் பதில் ஆகாது.

மற்றவற்றுக்குச் சுருக்கமாக. பரணில் தனியாக, இறக்கையை வயிற்றுக்கடியில் மடக்கித் தொங்குவது ராணிக் குளவி. அதைச் சுற்றிக் கூடு தேட வேண்டாம். மார்பில் பொன்னிற மயிரோடு சன்னலில் மந்தமாக ஊர்வது கொத்து ஈ. அதன் புழு மண்புழுவில் வாழ்வது, குப்பையில் அல்ல. வீட்டின் சுத்தத்தைக் குறைசொல்லிவிடாதீர்கள். பின்னங்கால் இலைபோல விரிந்த பழுப்பு நாவாய்ப்பூச்சி ஊசியிலை மர விதைகளை உறிஞ்சுவது. வீட்டில் அதனால் கெடுதல் இல்லை, ஆனால் அதை நன்மைப் பட்டியலில் சேர்க்கவும் முடியாது.

பெயர் உறுதியானபின் என்ன செய்வது? கண்ணாடி இறக்கைப் பூச்சியைச் சூடான அறையிலேயே விட்டுவைப்பது கருணை அல்ல. வெப்பத்தில் விழித்து, சேர்த்துவைத்த கொழுப்பைச் செலவழித்து, வறண்ட காற்றில் காய்ந்து சாகும். பனியில் வீசுவதும் அதே முடிவுதான். வெப்பமூட்டாத கொட்டகையிலோ பரணிலோ காகிதத்தில் ஏந்திக் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். ஜெர்மனியில் இதற்கென்றே வைக்கோல் அடைத்துச் சிவப்பு வண்ணம் பூசிய பெட்டிகளைத் தோட்டங்களில் வைக்கிறார்கள். அந்நாட்டில் ‘ஆண்டின் பூச்சி’ என்ற அறிவிப்பு 1999-இல் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுத்ததும் இதைத்தான்.

ஹார்லெக்வின் கூட்டத்துக்கு வெற்றிட உறிஞ்சியே போதும். குழாயில் ஒரு பழைய காலுறையைச் செருகினால் கறை உள்ளே போகாது. சுவர் இடைவெளியில் மருந்து அடிக்க நாங்கள் ஒப்பமாட்டோம். உள்ளே செத்துக் குவிந்த உடல்களைத் தின்ன கம்பள வண்டின் புழு வரும், பிறகு அது வீட்டின் கம்பளித் துணிக்கு இறங்கும். இல்லாத பூச்சித் தொல்லையை நாமே உண்டாக்கிக் கொடுப்பதாகிவிடும்.

இடுக்குகளை அடைக்கும் வேலை ஆகஸ்ட் இறுதிக்கும் செப்டம்பருக்கும் உரியது, அவை உள்ளே நுழையுமுன். ஜனவரியில் வெளிச்சுவரை அடைத்தால் உள்ளே இருப்பவை அறைக்குள்தான் வழி தேடும். அந்த மாதத்தில் கூப்பிட்ட வீட்டுக்காரரிடம் அன்றைய அடையாளத்துக்கான கட்டணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, கோடை முடிவில் அடைப்பு வேலைக்கு ஒரு தேதியைக் குறித்துவிட்டு வாருங்கள்.