டிசம்பரில் 7 சிவப்பு அட்டைகள், ஏப்ரலில் ஒரே ஒரு புள்ளி: மும்பை சிட்டி எதை இழந்தது?

மும்பை: ஐஎஸ்எல் கோப்பை மும்பைக்கு வந்து சேர்ந்துவிட்டது. 2024 மே 4-ஆம் தேதி கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் நடைபெற்ற இறுதிப் போட்டியில் மோகன் பகான் அணியை 3-1 என்ற கோல் கணக்கில் மும்பை சிட்டி வீழ்த்தியது. ஆயினும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழ்க் கால்பந்து ரசிகர்களின் விவாதம் கோப்பையோடு அடங்கவில்லை. அதே மைதானத்தில் 19 நாள்களுக்கு முன்பு ஒரு புள்ளி வித்தியாசத்தில் கைநழுவிய லீக் ஷீல்டைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், அது 2023 டிசம்பரில் அந்தேரியில் காட்டப்பட்ட சிவப்பு அட்டைகளில் போய் நிற்கிறது.

2023 டிசம்பர் 20-ஆம் தேதி அந்தேரி மும்பை கால்பந்து அரங்கில் இவ்விரு அணிகளும் மோதின. மாஹிமில் மின்சார ரயில் ஏறினால் எட்டிவிடும் தூரம் என்பதால் தாராவி ரசிகர்களுக்கு அது சொந்த மைதானம் போன்றதுதான். ஆட்டத்தின் 13-ஆவது நிமிடத்தில் மும்பையின் ஆகாஷ் மிஸ்ரா வெளியேற்றப்பட்டார். மோகன் பகான் முன்னிலை பெற்றது. இடைவேளைக்கு முன் கிரெக் ஸ்டூவர்ட் சமன் செய்தார். பிற்பாதியில் மோகன் பகானின் ஆசிஷ் ராய், லிஸ்டன் கோலாசோ ஆகியோர் அடுத்தடுத்து வெளியேற, பிபின் சிங் அடித்த கோலால் மும்பை 2-1 என வென்றது. அதற்குள் ஸ்டூவர்ட்டும் விக்ரம் பிரதாப் சிங்கும் சிவப்பு அட்டை பெற்றிருந்தனர். இறுதி விசில் ஊதிய பின்னரும் தகராறு ஓயவில்லை. மும்பையின் ராகுல் பேகேவுக்கும் மோகன் பகானின் ஹெக்டர் யூஸ்டேவுக்கும் அப்போது சிவப்பு அட்டை காட்டப்பட்டது. மொத்தம் 7. உலகக் கோப்பை வரலாற்றில் ஒரே ஆட்டத்தில் அதிகபட்சமாகக் காட்டப்பட்டவை 4. அது 2006-இல் நியூரம்பெர்க் நகரில் போர்ச்சுகலும் நெதர்லாந்தும் மோதிய ஆட்டம்.

நடுவரின் கட்டுப்பாடு ஆரம்பத்திலேயே தளர்ந்துவிட்டது என்பது ரசிகர்களில் ஒரு சாராரின் வாதம். ஐஎஸ்எல் போட்டிகளில் வீடியோ உதவி நடுவர் முறை இல்லாததால், அவசரத்தில் எடுத்த முடிவைத் திருத்திக்கொள்ளவும் அவருக்கு வழியில்லை. வீரர்களே நிதானம் இழந்தனர் என்பது மறுசாராரின் வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால், ஆட்டம் முடிந்த பிறகு பெற்ற அந்த இரு அட்டைகளுக்கு எந்த நியாயமும் கிடையாது. விசில் ஊதிய பின் வெல்வதற்கு ஏதுமில்லை, இழப்பதற்கு அடுத்த ஆட்டம் இருந்தது. அதிலும் பேகே அணித் தலைவர். தெருவோர ஐவர் ஆட்டத்தில் வெளியேற்றப்பட்டவர் மறுநாள் வேறொரு சட்டையில் களமிறங்கிவிடலாம். லீக்கில் தடைக்கணக்கு அவரைப் பின்தொடரும்.

அது நான்கே நாள்களில் வந்து சேர்ந்தது. டிசம்பர் 24 அன்று கொச்சியில் தண்டனை பெற்ற நால்வரும் இல்லாமல் களமிறங்கிய மும்பை சிட்டி, கேரளா பிளாஸ்டர்ஸிடம் 0-2 எனத் தோற்றது. மோகன் பகானின் நிலைமை இன்னும் மோசம். அந்தேரியில் பருவத்தின் முதல் லீக் தோல்வியைச் சந்தித்த அந்த அணி, சொந்த மண்ணில் கோவாவிடம் 1-4 எனவும் கேரளாவிடம் 0-1 எனவும் அடுத்தடுத்து வீழ்ந்தது. ஜனவரி தொடக்கத்தில் பயிற்சியாளர் ஹுவான் ஃபெராண்டோ பதவி இழந்தார்.

லீக் சுற்றின் கடைசி ஆட்டத்துக்கு மும்பை 47 புள்ளிகளுடனும் மோகன் பகான் 45 புள்ளிகளுடனும் வந்தன. டிரா செய்திருந்தாலே ஷீல்டு மும்பைக்கு வந்திருக்கும். ஏப்ரல் 15 அன்று மோகன் பகான் 2-1 என வென்று 48 புள்ளிகளுடன் முடித்தது. கொச்சியில் மும்பை வென்றிருந்தால் 50 புள்ளிகளுடன் கொல்கத்தா சென்றிருக்கும். அந்த ஆட்டமே வெறும் சம்பிரதாயமாகியிருக்கும். முழு பலத்துடன் சென்றாலும் கொச்சியில் வெற்றி எளிதல்ல என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் முயன்று பார்க்கும் வாய்ப்பையே அந்த அட்டைகள் பறித்துவிட்டன.

ஒழுங்கு விதிகள் மும்பைக்குப் பாதகமாக மட்டுமே அமைந்தன என்றும் சொல்ல முடியாது. மார்ச் மாதம் ஜாம்ஷெட்பூருடன் 1-1 என டிராவில் முடிந்த ஆட்டத்தில், களத்தில் குறைந்தது 7 இந்திய வீரர்கள் இருக்க வேண்டும் என்ற விதியை எதிரணி மீறியது. மும்பை புகார் அளிக்க, ஒழுங்கு நடவடிக்கைக் குழு 3-0 என்ற வெற்றியை வழங்கியது. ஷீல்டுக்காகப் புலம்பும் மும்பை ரசிகர்கள் அந்த 2 கூடுதல் புள்ளிகளை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

தண்டனைகளில் சீரான அளவுகோல் இருக்கிறதா என்பதே இங்கு எழும் கடினமான கேள்வி. 2012 டிசம்பரில் கொல்கத்தா டெர்பியில் ரசிகர் கூட்டத்திலிருந்து வந்த கல் ரஹீம் நபியைத் தாக்கியதையடுத்து, மோகன் பகான் இரண்டாம் பாதியில் களமிறங்க மறுத்தது. ஐ-லீக்கில் விளையாட அந்த அணிக்கு விதிக்கப்பட்ட தடை சில வாரங்களிலேயே விலக்கப்பட்டு, 2 கோடி ரூபாய் அபராதமாகவும் புள்ளிப் பறிப்பாகவும் சுருங்கியது. 2023 மார்ச் 3 அன்று பெங்களூருவில் நடந்த நாக் அவுட் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், கேரள வீரர்கள் தடுப்பு அமைப்பதற்குள் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை கோலாக்கினார். பயிற்சியாளர் இவான் வுகோமானோவிச் தம் அணியை வெளியே அழைத்துக்கொண்டார். இம்முறை அகில இந்திய கால்பந்து சம்மேளனம் கடுமை காட்டியது: கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டங்கள் தடை, 5 லட்சம் ரூபாய் அபராதம். பகிரங்க மன்னிப்புக் கேட்கத் தவறினால் தொகை உயரும் என்றும் எச்சரிக்கப்பட்டது.

மைதானத்தை விட்டு வெளியேறுவது தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால் கிளப்புகளிடம் பகிரங்க மன்னிப்பு கேட்கும் அமைப்பு, சர்ச்சைக்குள்ளான நடுவர் முடிவுகளுக்கு அதே அளவு பகிரங்கமான விளக்கம் தருவதில்லை. அதனால்தான் ஒவ்வொரு சிவப்பு அட்டையும் ரசிகர்களின் பேச்சில் சதியாக உருமாறுகிறது. மும்பை ரசிகருக்கு நடுவர் மோகன் பகானின் ஆள்; கொல்கத்தா ரசிகருக்கு அதே நடுவர் மும்பையின் ஆள். இந்தச் சத்தத்தில் வீரர்களின் பொறுப்பும் எளிதாக மறைந்துபோகிறது.

அணி பலம் என்று வரும்போது ரசிகர்கள் முன்களத்தையும் வெளிநாட்டு வீரர்களையும்தான் முதலில் எண்ணுகின்றனர். மும்பையில் அந்தக் குறை இருக்கவில்லை. நவம்பரில் டெஸ் பக்கிங்ஹாம் விலகியபின் பொறுப்பேற்ற பீட்டர் கிராட்கி, ஜனவரியில் ஸ்டூவர்ட் அணியைவிட்டுச் சென்ற பிறகும் கோப்பையை வென்று காட்டினார். அந்தேரியில் வெற்றி கோல் அடித்த பிபின் சிங்கே இறுதிப் போட்டியிலும் கோல் அடித்தார். கோப்பையைத் தூக்கியவர் பேகே.

எனினும் ஆசிய அரங்குக்கான வாசல் கோப்பை வழியாக இருக்கவில்லை, ஷீல்டு வழியாகத்தான் இருந்தது. 2024-25 பருவத்தின் ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் 2 போட்டிக்கு மோகன் பகான் தகுதி பெற்றது. சூப்பர் கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்காலுக்குத் தகுதிச் சுற்று வாய்ப்பு கிடைத்தது. ஐஎஸ்எல் சாம்பியனான மும்பை சிட்டிக்கு அதில் இடம் கிடைக்கவில்லை.