ஜெபத்தோடு நிற்கட்டுமா சபை?

"திருச்சபைக்கு வேலை ஆத்தும ரட்சிப்பு மட்டுமே. ஆஸ்பத்திரி, சாப்பாடு, சாதிப் பிரச்சினை எல்லாம் வெளி வேலை." திண்டுக்கல் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பூசையோ ஆராதனையோ முடிந்து வாசலில் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். பக்தியோடு சொல்வதால் யாரும் மறுப்பதில்லை. நான் மறுக்கிறேன்.

வைத்தியமெல்லாம் வெள்ளைக்காரன் காலத்தோடு போயிற்று என்கிறார்கள். ஒட்டன்சத்திரம் கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் ஆஸ்பத்திரி தொடங்கியது 1955-ல், நாடு விடுதலையாகி எட்டு வருஷம் கழித்து. தொடங்கியவர்கள் டாக்டர் ஏ.கே. தரியனும் அவரோடு சேர்ந்த நம் நாட்டு மருத்துவர்களும். நகரத்தில் நன்றாகச் சம்பாதித்திருக்கலாம். கிராமத்து நோயாளிகளைத் தேடி வந்தார்கள். அவர்கள் ஜெபிக்காதவர்களா? ஜெபம்தான் அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தது.

ஆத்துமா வேறு, வயிறு வேறு என்பவர்கள் ஆகஸ்டில் ஒருமுறை முத்தழகுபட்டிக்கு வரட்டும். செபஸ்தியார் திருவிழாவுக்கு நேர்ந்துவிட்ட ஆடும் கோழியும், அரிசியும் காய்கறியும் வந்து குவியும். ராத்திரி முழுக்க அடுப்பு எரியும். அண்டாவிலிருந்து வாளியில் கறிக்குழம்பை மொண்டு ஓடுகிறவருக்குக் கை முழங்கை வரை மஞ்சள். இலைக்கு முன்னால் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் இருப்பார்கள். "நீ எந்தக் கோயில்?" என்று பரிமாறுகிறவர் கேட்டு நான் பார்த்ததில்லை. ஐயாயிரம் பேரின் பசியைப் பார்த்து அப்பம் பிட்டவரின் பேரால் கூடுகிற சபைக்கு அந்தப் பந்தி வெளி வேலையா?

கடைசி வாதம்தான் என்னை வருத்துகிறது: சாதியைப் பேசினால் சபைக்குள் அரசியல் வந்துவிடுமாம். சாதி எப்போதோ உள்ளே வந்துவிட்டது. 2003-ல் திண்டுக்கல் மறைமாவட்டம் எந்தத் திருச்சி மறைமாவட்டத்திலிருந்து பிரிந்ததோ, அந்தத் திருச்சியின் மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைக்கூடச் சாதி பார்த்துப் பிரித்தது ஒரு சுவர். 2008-ல் விழுப்புரம் பக்கத்து எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதில் மோதல் வெடித்து, துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போயிற்று. சபைக்குள் தலித் மக்கள் ஒதுக்கப்படுவதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஒப்புக்கொண்டது. ஆயர்களே எழுதி வெளியிட்ட பிறகும் பங்குப் பேரவையில் அதைப் பேச்செடுத்தால் "ஜெபம் பண்ணுவோம்" என்று எழுந்துவிடுகிறோம். ஜெபம் பண்ணுவோம். எழுந்து போகாமல், திருவிழா வரவுசெலவுக்கு முன்னால், எந்தத் தெருவுக்குத் தேர் போவதில்லை என்ற கணக்கை முதலில் எடுப்போம்.