பிறவி உரிமையும் மனித உரிமையும்

தாமஸ் பெய்ன் என்னும் அறிஞர் இறந்து 200 வருஷங்களுக்கு மேலாகின்றது. அவருக்கும் நமது வேலம்பாளையத்துப் பனியன் தொழிலாளிக்கும் என்ன சம்பந்தம் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். சனிக்கிழமை சம்பளம் வாங்கி ஞாயிற்றுக்கிழமை ஓய்ந்திருக்கும் ஒவ்வொரு தொழிலாளியும் அவருக்கு ஒருவகையில் கடன்பட்டவர் என்றே நாம் சொல்லுவோம்.

பெய்ன் 1737-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். தகப்பனார் பெண்கள் அணியும் கச்சு தைத்துப் பிழைத்தவர். மகனும் அந்தத் தொழிலையே கற்றவர். அதாவது நம் ஊராரைப் போல உள்ளாடைத் தொழிலாளி! பெரிய படிப்பு ஏதும் படித்தவரல்லர். அப்படிப்பட்டவர் 1791, 1792 வருஷங்களில் 'மனித உரிமைகள்' என்ற புத்தகத்தை இரண்டு பாகமாக வெளியிட்டார். கணக்கில் கெட்டிக்காரன் பிள்ளை கணக்கில் கெட்டிக்காரனாகவே பிறக்காதபோது, அரசன் பிள்ளைக்கு மாத்திரம் ஆளும் யோக்கியதை பிறவியிலேயே எப்படி வரும் என்று கேட்டார். செத்துப்போனவர்கள் செய்த ஏற்பாடு உயிரோடிருப்பவர்களைக் கட்டுப்படுத்தாது என்றும் சொன்னார். இதற்காக இங்கிலாந்து சர்க்கார் 1792-ல், அவர் ஊரில் இல்லாதபோதே, வழக்கு நடத்திக் குற்றவாளி என்று தீர்த்தது. பின்னர் 'பகுத்தறிவு யுகம்' எழுதி வேத புத்தகத்தை ஆராயவே, பாதிரிகளும் பகையானார்கள். இத்தனைக்கும் அவர் நாஸ்திகரல்லர். ஒரு கடவுள் உண்டென்றே நம்பியவர். 1809-ல் அவர் இறந்தபோது அடக்கத்திற்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆள் போனாலும் புத்தகம் போகவில்லை. கப்பலேறி நம் நாட்டுக்கும் வந்தது. பூனாவில் மாலி ஜாதியில் பிறந்த ஜோதிராவ் பூலே, சுமார் 20 வயதில் 'மனித உரிமைகள்' புத்தகத்தைப் படித்தார். அங்கே அரசனைப் பற்றிக் கேட்ட கேள்வியை இவர் இங்கே புரோகிதனைப் பார்த்துக் கேட்டார். 1848-ல் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். 1873-ல் சத்தியசோதக் சமாஜம் கண்டு, புரோகிதரில்லாக் கலியாணங்கள் நடத்தினார். இந்தப் பூலேயைத் தமது குருமார் மூவரில் ஒருவராக டாக்டர் அம்பேத்கர் ஏற்றுக்கொண்டார். புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று நமது சட்டசபையில் சட்டமானது 1967-ல்தான்.

அந்தச் சமாஜத்தில் வளர்ந்தவரே நாராயண் மேகாஜி லோகண்டே. அக்காலத்துப் பம்பாய்ப் பஞ்சாலைகளில் விடிந்தது முதல் பொழுது சாயும்வரை வேலை. வாரத்தில் ஒரு நாள் லீவு என்ற பேச்சே கிடையாது. அவர் 1884-ல் தொழிலாளர்களைக் கூட்டி, வார லீவு கேட்டு விண்ணப்பம் செய்தார். விடாமல் கேட்டதன்பேரில் 1890-ல் பம்பாய் முதலாளிகள் ஞாயிற்றுக்கிழமை லீவுக்குச் சம்மதித்தார்கள். அடுத்த வருஷத்துப் பாக்டரிச் சட்டத்தில் வார லீவு ஏறிற்று. ஞாயிற்றுக்கிழமை எந்தச் சாமியும் கொடுத்த வரமல்ல என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

நிற்க. நமது ஊர் நிலைமை என்ன? ஒரு பனியன் கட்டிங், ஓவர்லாக், செக்கிங், பேக்கிங் என்று எத்தனை ஜாதியார் கைபட்டு வெளியே வருகின்றது! உடுத்துகிறவர் யாராவது தைத்தவர் ஜாதியைக் கேட்டு உடுத்துகின்றாரா? ஆறு நாள் ஒரே வரிசையில் மிஷினில் உட்காருகின்றவர்கள்தான், வாடகைக்கு வீடு கேட்டு வந்தவரிடமும் பெண் கேட்டு வந்தவரிடமும் “நீங்க என்ன ஆளுங்க?” என்று முதலில் கேட்கின்றார்கள். பிறவி உயர்வை ஒழிக்கப் புறப்பட்டவர்களின் உழைப்பால் வந்த ஞாயிற்றுக்கிழமையில், ஜாதிச் சங்கக் கூட்டத்திற்கு வேனில் ஏறிப் போகின்றார்கள்! இதைவிட நன்றிகெட்ட காரியம் வேறு உண்டா?

கேட்டால், பெரியவர்கள் வைத்த வழக்கம் என்கின்றார்கள். அந்தப் பெரியவர்கள் ஓவர்லாக் மிஷினைக் கண்டவர்களா? அவர்கள் காலத்துத் தறியை விட்டுவிட்டு அவர்கள் காலத்து ஜாதியை மாத்திரம் ஏன் கட்டி அழ வேண்டும்?

பெய்னுக்குப் படம் வைத்து மாலை போட வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர் சொன்னதையும் ஆராய்ந்து பார்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் வேண்டுவதெல்லாம், அடுத்த முறை வீடு கேட்டு ஒருவர் வாசலில் வந்து நிற்கும்போது, வாடகை எவ்வளவு என்பதற்குமேல் ஒரு வார்த்தையும் பேசாதிருங்கள் என்பதே.