முந்த வேண்டுமா, வேகத்தைக் குறையுங்கள்

'ஆர்பிட்டர்' என்ற விண்வெளி சிமுலேட்டரைப் புதிதாகத் தொடுகிறவர்கள் பெரும்பாலும் நிலாவுக்குப் போகத்தான் ஆசைப்படுகிறார்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் இருந்த மார்ட்டின் ஷ்வைகர் 2000-இல் வெளியிட்ட மென்பொருள் இது. இலவசம்தான். 2021 முதல் அதன் மூலநிரலும் எல்லோருக்கும் கிடைக்கிறது. சுட்டு வீழ்த்த எதிரிகள் இல்லை, சேர்க்கப் புள்ளிகளும் இல்லை. ஈர்ப்பு விசை மட்டும் இருக்கிறது. அது யாருக்கும் சலுகை காட்டாது.

நிலாவை ஒத்திப்போடுங்கள் என்பேன். தரையிலிருந்து கிளம்புவதைக்கூட அப்புறம் பார்க்கலாம். ஏற்கெனவே பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு கலத்தில் நேரே போய் உட்காருங்கள். சுற்றுப்பாதையைக் காட்டும் சிறு திரையில் பச்சைக் கோட்டில் ஒரு வட்டம் தெரியும். கலம் 400 கி.மீ. உயரத்தில் இருந்தால் வேகம் வினாடிக்குச் சுமார் 7.67 கி.மீ. போகும் திசைக்கே மூக்கைத் திருப்பி, வேகத்தில் வினாடிக்கு 10 மீட்டர் மட்டும் கூட்டிவிட்டு என்ஜினை அணையுங்கள். இருக்கும் இடத்தில் உயரம் அப்படியே நிற்கும். ஆனால் பூமிக்கு அந்தப் பக்கம், பாதையின் எதிர்முனை 35 கி.மீ. மேலே போயிருக்கும். இங்கே எரித்த எரிபொருளின் பலன், முக்கால் மணி நேரம் கழித்து அங்கே போய்ச் சேரும்போதுதான் கைக்கு வரும். இந்த ஒன்றை விரல்கள் பழகிக்கொள்ளும் வரை வேறு எதையும் தொட வேண்டியதில்லை.

அடுத்தது துரத்திப் பிடிப்பது. அதே பாதையில் உங்களுக்கு முன்னால் ஒரு விண்வெளி நிலையம் போகிறது. சாலையில் முன்னே போகும் பஸ்ஸைப் பிடிக்க ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறோம். இங்கே அப்படி மிதித்தால் பாதை பெரிதாகும், ஒரு சுற்று முடிய அதிக நேரம் பிடிக்கும், நிலையம் இன்னும் தள்ளிப்போகும். மாறாக, வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். பாதை சுருங்கி, சுற்று 20 வினாடிக்கு மேல் சீக்கிரம் முடிந்துவிடும். ஒரே சுற்றில் 160 கி.மீ.க்கு மேல் இடைவெளி குறையும். நெருங்கியதும், குறைத்த அதே இடத்தில் அந்த 10 மீட்டரைத் திரும்பக் கொடுத்தால் பழைய பாதைக்கு வந்துவிடலாம்.

கணக்கில் இது எளிது. கண்தான் ஒப்புக்கொள்ளாது. 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தை ஓட்டிய ஜேம்ஸ் மெக்டிவிட், தம் ராக்கெட்டிலிருந்து கழன்ற பகுதியை நெருங்க முயன்றார். அது கண்ணெதிரே தெரிந்தது. அதைக் குறிவைத்து என்ஜினை இயக்க இயக்க, அது விலகிப் போனது. எரிபொருள் கரைந்ததுதான் மிச்சம், முயற்சி கைவிடப்பட்டது. தேர்ந்த விமானி அவர். விமானத்தில் கண் கற்றுக்கொடுத்த பழக்கம் அங்கே செல்லவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் வால்டர் ஷிர்ரா ஓட்டிய ஜெமினி 6ஏ, தாழ்ந்த பாதையில் இருந்து படிப்படியாக ஏறி, ஜெமினி 7-ஐ ஓர் அடித் தொலைவு வரை நெருங்கியது.

பாதையின் சாய்வை மாற்றுவதும் ஒரு பெரிய பாடம். ஒரே ஒரு பாகை திருப்ப வினாடிக்கு 130 மீட்டருக்கு மேல் செலவாகும். இலங்கைக்கு மேலே பறக்காதிருக்க, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட்டுகள் வளைந்து செல்கின்றன. வளையாமல் நேரே தெற்கே ஏவக்கூடிய குலசேகரன்பட்டினத்தில் ஏவுதளம் ஏன் என்பது, சிமுலேட்டரில் ஒருமுறை திசை திருப்பி எரிபொருள் அளவைப் பார்த்தவருக்குச் சட்டென்று புரியும்.

இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்கள் இரண்டும் இணைவதற்கு 2025 ஜனவரி 7, 9 என்று குறித்த நாட்கள் தள்ளிப்போனபோது பலர் சலித்துக்கொண்டார்கள். 3 மீட்டர் வரை நெருங்கிவிட்டு, மறுபடி பின்வாங்கி, 16-ஆம் தேதிதான் இணைந்தன. அந்தப் பின்வாங்கல் எவ்வளவு தேர்ந்த வேலை என்பதைப் பிள்ளைகள் உணர வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன். பிளஸ் ஒன் இயற்பியலில் ஈர்ப்பியல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், கெப்ளர் விதிகளைக் கரும்பலகையில் எழுதும் அன்றே பள்ளிக் கம்ப்யூட்டரில் இந்த 10 மீட்டர் சோதனையையும் செய்துகாட்டலாம். ஒரு பீரியட் போதும்.